ஆறாம் தலைமுறைக்கும் ஓசிஐ: கப்பலேறிய பாட்டனைக் காகிதத்தில் கண்டுபிடிப்பது எப்படி?

2024 மார்ச்சில் மொரீஷியஸ் சென்ற குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, அங்குள்ள இந்திய வம்சாவளியினரில் ஏழாம் தலைமுறையினரும் ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை, பெறலாம் என்று அறிவித்தார். 2025 ஜூலையில் டிரினிடாட் சென்ற பிரதமர் மோடி, அங்கே ஆறாம் தலைமுறைக்கும் அட்டை உண்டு என்றார். இரண்டு அறிவிப்புகளும் செய்தியாக வந்தபிறகு குழப்பம்தான் கூடியிருக்கிறது. தலைமுறையை யாரிடமிருந்து எண்ணுவது? நூற்றைம்பது வருஷத்துக்கு முன் கரும்புத் தோட்டத்துக்குப் போன கூலிக்கு என்ன காகிதம் இருக்கப்போகிறது? இருந்தாலும் அதில் இருப்பவர் நம்முடைய ஆள்தான் என்று எப்படிச் சொல்வது?

காகிதம் இருக்கிறது. தமிழகக் கிராமத்திலேயே இருந்துவிட்ட அண்ணனைவிட, கப்பலேறிப் போன தம்பியைப் பற்றித்தான் அரசாங்கம் அதிகம் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் காகிதம் எழுதப்பட்டது குடும்பத்துக்காக இல்லை. யாருக்காக, எதற்காக எழுதினார்கள் என்று புரிந்துகொண்டால்தான் அதில் தேட முடியும்.

## தலைமுறைக் கணக்கு கப்பலிலிருந்து தொடங்குவதில்லை

ஓசிஐ-க்கு அடிப்படை, 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவு. 1950 ஜனவரி 26 அன்றோ அதன் பிறகோ இந்தியக் குடிமகனாக இருந்தவரும், அந்தத் தேதியில் குடிமகனாகும் தகுதி பெற்றிருந்தவரும், அவர்களுடைய பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை வரையிலானவர்களும் விண்ணப்பிக்கலாம்.

இதில் ‘தகுதி பெற்றிருந்தவர்’ என்பதைப் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். அரசியல் சாசனத்தின் 8-ஆவது பிரிவின்படி, ஒருவர் வெளிநாட்டில் வாழ்ந்தாலும் அவருடைய அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி இவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்திருந்தால் அவருக்கு அந்தத் தகுதி இருந்தது. இங்கே இந்தியா என்பது 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் வரையறுத்த இந்தியா.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1905-இல் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதிக்குப் போன ஒருவரின் மகன் அங்கேயே பிறக்கிறார். பேரன் 1935 வாக்கில் பிறக்கிறார். 1950-இல் பேரனுக்கு வயது 15. தாத்தா இந்தியாவில் பிறந்தவர் என்பதால் பேரனுக்குத் தகுதி உண்டு. அந்தப் பேரனின் கொள்ளுப்பேரன் வரை சாதாரண விதியிலேயே வந்துவிடுகிறார்கள். கப்பலேறியவரை முதல் தலைமுறை என்று வைத்தால் இது ஆறாம் தலைமுறை.

1840-இல் மொரீஷியஸ் போனவரின் கதை வேறு. அவருடைய பேரன் 1880-களில் பிறந்திருந்தால், 1950-இல் உயிரோடு இருந்தாரா என்பதே சந்தேகம். சங்கிலி அங்கே அறுந்துபோகும். சீக்கிரம் போன குடும்பங்களுக்குத்தான் சிறப்பு அறிவிப்பு தேவைப்பட்டது. ஆகவே ‘நாங்கள் எத்தனையாவது தலைமுறை’ என்று கேட்பதற்கு முன், அவர் எந்த வருஷம் போனார், 1950-இல் குடும்பத்தில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்பதே சரி. முடிவு இந்தியத் தூதரகத்தின் கையில். ஆனால் எந்த விதியில் போனாலும் இரண்டு விஷயங்களைக் காட்டியாக வேண்டும்: இந்தியாவில் பிறந்த அந்த மூதாதையரின் பதிவு, அவரிலிருந்து விண்ணப்பிப்பவர் வரை அறுபடாமல் வரும் சான்றுகள்.

## முதல் கேள்வி: எந்த வழியில் போனார்?

வெளியே போன எல்லாத் தமிழரும் ஒரே மாதிரிப் போகவில்லை. வழியைப் பொறுத்துத்தான் ஆவணம்.

1. ஒப்பந்தக் கூலி. பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் வந்து, 1834 ஆகஸ்ட் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் இந்தியாவிலிருந்து ஆள் ஏற்றினார்கள். மொரீஷியஸுக்கு மட்டும் சுமார் 4,50,000 பேர், நட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை 1,52,184 பேர், ஃபிஜிக்கு 1879 முதல் 1916 வரை 60,000-க்கும் மேல். டிரினிடாட், கயானா, பிரெஞ்சுத் தீவுகள் தனி. இவர்களுக்குத்தான் ஆளுக்கொரு பதிவு இருக்கிறது.
2. கங்காணி வழி. இலங்கைக்கும் மலாயாவுக்கும் பெரும்பாலானோர் இப்படித்தான் போனார்கள். தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணி, தன் ஊர்க்காரர்களையும் சொந்தக்காரர்களையும் கூட்டிப் போனார். ஆளுக்கொரு பதிவு இங்கே குறைவு.
3. சொந்தச் செலவில் போனவர்கள். வியாபாரிகள், குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள். இவர்கள் கூலிப் பட்டியலில் இருக்கவே மாட்டார்கள். கப்பல் பட்டியலில் பெயர் இல்லை என்று மாதக்கணக்கில் தேடி ஓய்ந்துபோகும் குடும்பங்களில் பல இந்த வகையாக இருக்கும்.

கீழே வருவது பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியது. இலங்கை விவகாரம் பிற்பாடு.

## ஒரு கூலி எத்தனை இடத்தில் எழுதப்பட்டார்

ஆள் பிடிப்பவர் சந்தையிலோ சத்திரத்திலோ ஒருவரைப் பேசிச் சம்மதிக்க வைத்தால், உடனே கப்பலில் ஏற்றிவிட முடியாது. 1883-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி, எங்கே ஆள் எடுத்தார்களோ அந்த வட்டாரத்து அதிகாரி முன் பதிவு செய்ய வேண்டும். அப்புறம் சென்னை டிப்போவுக்கு, அதாவது கப்பல் வரும்வரை தங்கவைக்கும் முகாமுக்கு, கொண்டுவருவார்கள். அங்கே மருத்துவர் பார்ப்பார். குடியேறிகளின் பாதுகாவலர் என்ற பதவியில் இருந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார். ஆளுக்கொரு எமிகிரேஷன் பாஸ் எழுதப்படும். கப்பலேறும்போது ஒரு பட்டியல். இறங்கும்போது இன்னொரு பட்டியல். இறங்கிய இடத்தில் ஓர் எண் கொடுப்பார்கள். எந்த முதலாளிக்கு ஒதுக்கப்பட்டார் என்று இன்னொரு பதிவு. அதன் பிறகு திருமணம், குழந்தை, தோட்டம் மாறியது, ஓடிப்போனது, கோர்ட்டில் நின்றது, ஒப்பந்தம் முடிந்தது, திரும்பிப் போனது அல்லது செத்துப் போனது. ஒவ்வொன்றிலும் பழைய எண் கூடவே வரும்.

இவ்வளவு எழுதியதற்குக் காரணம் கரிசனம் இல்லை. கப்பல் கட்டணத்தை முதலாளிகள் கொடுத்திருக்கிறார்கள், ஐந்து வருஷ உழைப்பு அவர்களுக்குப் பாத்தியம், ஆள் ஓடிவிட்டால் அடையாளம் சொல்லிப் பிடிக்க வேண்டும். ஃபிஜி, நட்டால் போன இடங்களில் பத்து வருஷம் முடித்தவருக்கு இலவசப் பயணச்சீட்டு கொடுக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. யாருக்குக் கொடுக்க வேண்டும், யாருக்குக் கூடாது என்பதற்கும் கணக்கு வேண்டுமே. அதனால்தான் அந்த ஆளின் முழங்கால் தழும்பு பதிவேட்டில் இருக்கிறது, அவர் எந்தக் குலதெய்வத்தைக் கும்பிட்டார் என்பது இல்லை.

இப்போது இவை இருக்கும் இடங்கள்:

- மொரீஷியஸ்: மோகாவில் உள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட். 1860-களிலிருந்து பலருக்குப் புகைப்படமும் உண்டு.
- நட்டால்: டர்பன் ஆவணக் காப்பகம். கப்பல் பட்டியல்களை குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையமும் கணினியில் ஏற்றியிருக்கிறது.
- ஃபிஜி: சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். பாஸ்கள் அங்கே இருக்கின்றன.
- சென்னை: எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். இங்கே குடியேற்றம் பற்றிய அரசாணைகளும் கடிதப் போக்குவரத்தும் பார்க்கலாம். தனி ஆள் பெயரைச் சொல்லித் தேட இது இடம் இல்லை.

## பாஸில் என்ன இருக்கிறது, எதை எவ்வளவு நம்பலாம்

பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, உயரம், உடம்பில் உள்ள அடையாளம், மாவட்டம், தாலுகா, கிராமம், நெருங்கிய உறவினர் பெயர், மணமானவர் என்றால் துணையின் பெயர். கொஞ்சம் கூடக்குறைய எல்லாக் காலனிகளிலும் இவைதான் கட்டங்கள். கட்டத்துக்குக் கட்டம் நம்பகத்தன்மை மாறும்.

பெயர். எழுத்து தெரியாத ஒருவர் சொல்ல, குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியது. இதைத் தமிழ் தெரிந்தவர்களால்தான் சரியாகப் படிக்க முடியும். அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் ‘அ’ ஒலிக்கு ஆங்கில ‘யு’ எழுத்தைப் போடுவார்கள். அதனால் ரங்கசாமி, இன்று படித்தால் ‘ருங்காசாமி’ ஆகிறார். அங்கம்மா ‘உங்கம்மா’ ஆகிறாள். குறில் ‘உ’ வந்தால் இரண்டு ‘ஓ’ போடுவார்கள். குப்பன் ‘கூப்பன்’, முத்து ‘மூதூ’, பொன்னுசாமி ‘பூனூசாமி’. மொரீஷியஸில் பிரெஞ்சு எழுத்துமுறையும் கலந்து வேறொரு கோலம் எடுக்கும். கணினியில் ஒரே எழுத்துக்கூட்டலை வைத்துத் தேடிவிட்டு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பெயரை உரக்கச் சொல்லி, எத்தனை விதமாக எழுத வாய்ப்பு என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

குடும்பப் பெயர். கப்பலில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. நட்டாலிலும் மொரீஷியஸிலும் அடுத்த தலைமுறையில்தான் அது முளைத்தது. அப்பாவின் பெயரே சில இடத்தில் குடும்பப் பெயர் ஆனது. சில இடத்தில் பிள்ளை, முதலி, நாயுடு, படையாச்சி, கவுண்டர் போன்ற பட்டம் குடும்பப் பெயர் ஆனது. கூடப் பிறந்த அண்ணன் தம்பிக்கே வெவ்வேறு குடும்பப் பெயர் இருக்கும். ஆகவே இன்றைய குடும்பப் பெயரை வைத்துக் கப்பல் பட்டியலில் தேடினால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் வேறு யாரோ.

வயது. இருபது, இருபத்தைந்து, முப்பது என்று உருண்டையாக இருந்தால் அது குத்துமதிப்பு. ஐந்து வருஷம் முன்னே பின்னே வைத்துக்கொள்ளலாம்.

சாதி. சொன்னதையும் எழுதினார்கள், தோன்றியதையும் எழுதினார்கள். இந்தக் கட்டத்தில் ‘மலபார்’ என்றிருந்தால் கேரளம் என்று முடிவு செய்துவிட வேண்டாம். அன்றைய காலனி அதிகாரிகள் தமிழர்களையே மலபார் என்றார்கள். தெலுங்கர்களுக்கு ‘ஜென்டூ’.

துணை. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருந்தாக வேண்டும் என்பது விதி. டிப்போவில் சேர்ந்தவர்களும் கணவன் மனைவி என்று எழுதிக்கொண்டார்கள். ஊரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்திருக்கலாம். பாஸில் இருக்கும் மனைவி பெயரும் ஊரில் சொல்லும் பெயரும் ஒத்துவரவில்லை என்றால் உடனே ஆள் வேறு என்று தள்ள வேண்டியதில்லை. தனியாகக் கப்பலேறிய பெண்களும் நிறைய. அவர்களுடைய பாஸில் தகப்பன் பெயர்தான் இருக்கும். ஆண் வழியாக மட்டும் தேடுபவர்கள் இவர்களைத் தவறவிடுகிறார்கள்.

அடையாளம், உறவினர். என் கணக்கில் பாஸிலேயே இவை இரண்டும்தான் தங்கம். இடது முழங்காலில் தழும்பு, மார்பில் மச்சம் என்று எழுதியது, ஒப்பந்தம் முடிந்து கொடுக்கும் சீட்டிலும் அப்படியே வந்தால் ஆள் உறுதி. உறவினர் கட்டத்தில் இருக்கும் அண்ணன் பெயரோ தாய் பெயரோ, நாளைக்கு ஊரில் விசாரிக்கும்போது கதவைத் திறக்கும்.

## பெயரை விட்டு எண்ணைப் பிடிக்க வேண்டும்

நட்டாலில் முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதில் வந்தவர்களுக்கு 1 முதல் எண் போடத் தொடங்கினார்கள். 1911-இல் முடியும்வரை அதே வரிசை தொடர்ந்தது. ஒரே கப்பலில் நாலு முனுசாமி இருக்கலாம், ஒரே எண் இரண்டு பேருக்கு இருக்காது.

இந்த எண் ஆளோடு ஒட்டிக்கொண்டது. அவருடைய பிள்ளையின் பிறப்புப் பதிவில் அப்பா எண், அம்மா எண் என்று தனித்தனியாக இருக்கும். மொரீஷியஸிலும் சிவில் பதிவுகளில் பெற்றோரின் குடியேற்ற எண்ணை எழுதினார்கள். பெண் மறுமணம் செய்தாலும், பெயரே வேறுமாதிரி எழுதப்பட்டாலும் எண் மாறாது. ஆகவே தேடும் வரிசை இப்படி இருக்க வேண்டும்:

1. வீட்டில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். உயிரோடு இருக்கும் மூத்தவரின் பிறப்புச் சான்று, அவருடைய பெற்றோரின் திருமணச் சான்று, இறப்புச் சான்று. ஒரு தலைமுறை உறுதியாகாமல் அடுத்ததற்குத் தாவக் கூடாது.
2. காலனியில் பிறந்த முதல் பிள்ளையின் பிறப்புப் பதிவு வரை பின்னால் போங்கள். எண் அங்கேதான் கிடைக்க வாய்ப்பு அதிகம்.
3. தென்னாப்பிரிக்கா என்றால் இறந்தவரின் சொத்துக் கோப்பைத் தேடுங்கள். அதோடு வரும் இறப்பு அறிவிப்புப் படிவத்தில் பெற்றோர் பெயர், துணை, பிள்ளைகள் எல்லாம் வரிசையாக இருக்கும். பெரிய சொத்து இல்லாதவருக்கும் கோப்பு இருக்கலாம்.
4. எண் கிடைத்தபின் கப்பல் பட்டியலுக்கு வாருங்கள். பாஸில் தனி ஆளாகத் தெரிபவர், பட்டியலில் யாரோடு வந்தார் என்று தெரியும். ஒரே குடும்பத்துக்கு அடுத்தடுத்த எண் கொடுப்பது வழக்கம். முன்னால் பத்து, பின்னால் பத்து எண்களையும் பார்த்தால் தம்பி, மச்சினன், ஊர்க்காரர் யாராவது தட்டுப்படுவார்.
5. ஏறிய பட்டியலையும் இறங்கிய பட்டியலையும் ஒப்பிடுங்கள். வழியில் இறந்தவர் உண்டு, பிறந்த குழந்தையும் உண்டு. 1884-இல் ஃபிஜி அருகே பவளப்பாறையில் மோதிய சிரியா கப்பலில் 59 பேர் இறந்தார்கள். ஏறியவர் எல்லாம் இறங்கியவர் ஆகிவிட மாட்டார்.
6. கடைசியாகத்தான் கிராமம்.

நிறையப் பேர் ஆறாவதிலிருந்து தொடங்குகிறார்கள். பாட்டி சொன்ன ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு தமிழ்நாடு வந்து இறங்கிவிடுகிறார்கள். பாட்டி சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பெயரில் ஊர் எத்தனை இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

## ‘வட ஆற்காடு’ என்று எழுதியிருந்தால் இன்று எங்கே?

கப்பல் பட்டியல்களில் அடிக்கடி கண்ணில் படும் மாவட்டங்களில் வட ஆற்காடும் ஒன்று. 1885-இல் பதிவான ஒருவரின் மாவட்டம் வட ஆற்காடு என்று வைத்துக்கொள்வோம். இன்றைய வரைபடத்தில் அப்படி ஒரு மாவட்டமே கிடையாது. அது வந்த வழி இது:

- 1885-இல் வட ஆற்காடு மாவட்டத்துக்குள்தான் சித்தூரும் இருந்தது. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. இன்று அது ஆந்திரம்.
- சித்தூரோடு போயிருந்த திருத்தணி 1960-இல் எல்லைச் சீரமைப்பில் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது.
- 1989-இல் மீதியிருந்த வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. எஞ்சியது பின்னால் வேலூர் மாவட்டம்.
- 2019-இல் வேலூரும் மூன்றானது: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்.

ஆக, மாவட்டப் பெயரை மட்டும் பார்த்துத் ‘தமிழ்நாட்டு ஆள்’ என்று சொல்லிவிட முடியாது. தாலுகா பெயர்தான் தீர்மானிக்கும். வாலாஜா, போளூர், வந்தவாசி, குடியாத்தம் என்றால் ஒரு திசை, சித்தூர் என்றால் வேறு திசை. தென் ஆற்காடும் இப்படித்தான். 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்து, 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி வந்தது. 1910-க்கு முன்னால் ராமநாதபுரம் என்று தனி மாவட்டமே இல்லை, மதுரையிலும் திருநெல்வேலியிலும் தேட வேண்டும்.

கிராமப் பெயரைப் பொறுத்தவரை புதூர், பெரும்பாக்கம், மேல் இது கீழ் அது என்று தாலுகாவுக்கு ரெண்டு மூன்று இருக்கும். சிலர் குக்கிராமத்தின் பெயரைச் சொல்வார்கள், வருவாய்க் கிராமம் வேறு பெயரில் இருக்கும். இதற்கு உதவுவது, சென்னை மாகாணத்து ஊர்களைத் தாலுகா வாரியாகத் தொகுத்த பழைய அச்சுப் பட்டியல்களும் பழைய சர்வே வரைபடங்களும். கூகுள் மேப்பில் தேடினால் கைபேசி முதலில் காட்டும் ஊருக்கே மனம் போய்விடும். எழுத்துக்கூட்டலோடு தாலுகாவும் பொருந்தினால் மட்டும் அந்த ஊரை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு எச்சரிக்கை. சொன்ன ஊர் பிறந்த ஊராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பஞ்சத்தில் ஊரைவிட்டு வந்தவர், கடைசியாகப் பிழைத்த இடத்தைச் சொல்லியிருக்கலாம். 1876-78 பெரும்பஞ்சத்தை ஒட்டிய வருஷங்களில் பதிவானவர்களுக்கு இதை மனதில் வைத்தே பார்க்க வேண்டும்.

## ஊருக்கு வந்தால் என்ன கிடைக்கும்

உண்மையைச் சொன்னால், இந்தியப் பக்கம் காகிதம் மெலிவு. பிரிட்டனில் 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்களை 2022-இல் திறந்துவிட்டார்கள், யார் வேண்டுமானாலும் கொள்ளுத்தாத்தா வீட்டில் யார் இருந்தார்கள் என்று பார்க்கலாம். இந்தியக் கணக்கெடுப்பில் அந்த வசதி கிடையாது. எண்ணிக்கையை எடுத்துக்கொண்டார்கள், வீட்டுவாரிப் படிவத்தை வைத்திருக்கவில்லை.

பிறப்பு, இறப்புப் பதிவு சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஒழுங்குக்கு வரத் தொடங்கியது. அதிலும் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. தகப்பன் பெயர், ‘ஆண் குழந்தை’, தேதி, அவ்வளவுதான். 1880-இல் கப்பலேறியவருக்கு அதுவும் கிடையாது.

நிலம் வைத்திருந்த குடும்பம் என்றால் வழி உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் உள்ள பழைய கிரயப் பத்திரங்களில் எழுதிக்கொடுப்பவரின் தகப்பன் பெயர், ஊர், சாதி, சில நேரம் தாத்தா பெயர்கூட இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் ஒரு வம்சத்தையே அதில் படிக்கலாம். ‘அக்கரைக்குப் போய்விட்ட தம்பி’யின் பங்கு என்ன ஆனது என்று சில பத்திரங்கள் சொல்லும். ஆனால் கப்பலேறியவர்களில் பெரும்பகுதி நிலமே இல்லாதவர்கள். பட்டாவில் தேடி அவர்கள் கிடைக்கவில்லை என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் தேவாலயத்திலேயே இருக்கும். மாகாணத்தின் திருச்சபைப் பதிவுகளின் நகல்கள் லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரியில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. அவற்றில் ஐரோப்பியர் பதிவுகளே அதிகம் என்றாலும் உள்ளூர்ப் பெயர்களும் வரும்.

மற்றபடி ஊரில் வாய்மொழிதான். அதை வாங்கும்போது ஒரு கட்டுப்பாடு வேண்டும். ‘உங்கள் வீட்டிலிருந்து குப்பன் என்பவர் டர்பன் போனாரா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்ற பதில் சுலபமாக வந்துவிடும். வந்தவர் மனம் நோகக் கூடாதே என்று நினைப்பார்கள். ‘இந்த வீட்டிலிருந்து யாராவது கடல் கடந்து போனார்களா, அவருக்குக் கூடப் பிறந்தவர்கள் யார்?’ என்று கேட்டு, அவர்களாகச் சொல்லும் பெயர் பாஸில் உள்ள உறவினர் பெயரோடு ஒத்துவந்தால்தான் அது சாட்சி.

## இலங்கைக்குப் போனவர்கள் ஏன் தனிக் கணக்கு

இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு நட்டால் மாதிரி வாழ்நாள் எண் இல்லை. 1900-களின் தொடக்கத்தில் தகரத் துண்டு வந்தது. கழுத்தில் தொங்கவிட்ட அந்தத் துண்டில் இருந்த எழுத்தும் எண்ணும் முதன்மையாக எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டியவர் என்பதைக் காட்டத்தான். ஆகவே இங்கே ஆளை விட்டுவிட்டுத் தோட்டத்தையும் கங்காணியையும் பிடிக்க வேண்டும். கங்காணியின் ஊர் தெரிந்தால், அவருக்குக் கீழ் வேலை செய்தவர்களின் ஊரும் அதன் சுற்றுவட்டாரமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு), தோட்டப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பிறப்புப் பதிவு இவைதான் வழி.

1948-க்குப் பிறகு நிலைமை தலைகீழ். சுதந்திர இலங்கையில் தோட்டத் தமிழர்களின் குடியுரிமை பறிபோனதும், ஒவ்வொரு குடும்பமும் தன்னைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டியதாயிற்று. 1949-ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ் லட்சக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மீதி 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவுக்கு வந்தவர்கள் கையில் அன்றைய கடவுச்சீட்டும், மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையும் இருக்கும். இன்றைக்கும் நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கத்திலும் இதைப் பெட்டிக்குள் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. தூக்கிப் போட்டுவிட வேண்டாம். குடும்பத்தில் யார் யார், என்ன உறவு என்று அரசாங்கம் எழுதிக்கொடுத்த ஒரே காகிதம் பல வீட்டுக்கு அதுதான்.

## பெயர் ஒத்துவராதபோது

சான்றுகளை வரிசையாக அடுக்கினால், ஒரே ஆளின் பெயர் நாலு விதமாக இருக்கும். கப்பல் பட்டியலில் ஒன்று, திருமணப் பதிவில் ஒன்று, மகனின் பிறப்புச் சான்றில் குடும்பப் பெயராக ஒன்று, கல்லறையில் ஒன்று. இதைப் பார்த்து அதிகாரி தயங்குவது நியாயம்தான். இங்கேதான் எண் திரும்பவும் கை கொடுக்கும். நாலு பெயரிலும் ஒரே குடியேற்ற எண் இருந்தால் வாதமே இல்லை. எண் இல்லாத சான்றுகளுக்கு, துணையின் பெயர், தோட்டத்தின் பெயர், பிள்ளைகளின் வரிசை இவற்றில் குறைந்தது இரண்டாவது பொருந்த வேண்டும். இரண்டு பெயரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொடுப்பது துணைக்குத்தான். அதை மட்டும் நம்பிப் போவது வீண்.

திருமணச் சான்று இல்லையே என்ற கவலையும் பலருக்கு உண்டு. நட்டாலில் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிவான திருமணங்கள் உண்டு, பதியாமல் சடங்கோடு நின்றவையும் ஏராளம். தென்னாப்பிரிக்காவில் 1913-இல் நீதிபதி சியர்ல் தந்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லுமா என்ற கேள்வியையே எழுப்பிவிட்டது. சத்தியாக்கிரகப் போராட்டத்தில் பெண்கள் இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 1914-ஆம் ஆண்டு நிவாரணச் சட்டம் வந்தபிறகுதான் அது தணிந்தது. ஆகவே அந்தத் தலைமுறையில் திருமணச் சான்று இல்லை என்றால், பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் இருவர் எண்ணும் சேர்ந்து இருப்பதைக் காட்டலாம்.

## இங்கிருந்து தேடுபவர்களுக்கு

எல்லாத் தேடலும் அங்கிருந்து இங்கே வருவதில்லை. ‘தாத்தாவின் தம்பி நட்டாலுக்குப் போனார், அப்புறம் தகவலே இல்லை’ என்று சொல்லும் வீடுகள் வட தமிழகத்தில் நிறைய உண்டு. அவர்கள் கையில் எண் இருக்காது, ஊர் இருக்கும். நட்டால் கப்பல் பட்டியலில் ஊரும் தாலுகாவும் தனிக் கட்டமாக இருப்பதால், கணினியில் ஏற்றிய பட்டியலை ஊர் வழியாகவும் சலிக்கலாம். தாலுகாவை வைத்து முதலில் சலித்து, தகப்பன் பெயரை வைத்து அடுத்துச் சலித்து, வயதைக் கடைசியில் பார்க்க வேண்டும்.

போனவர் திரும்பி வந்திருக்கவும் கூடும். 1914-இல் தென்னாப்பிரிக்காவில் குடியிருக்கும் உரிமையை விட்டுக்கொடுத்தால் இலவசப் பயணம் என்றார்கள். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் செய்துகொண்ட 1927 கேப் டவுன் உடன்பாட்டுக்குப் பிறகு, திரும்பிப் போக ஒப்புக்கொண்டவருக்கு இலவசப் பயணத்தோடு 20 பவுன் பணமும் கொடுத்தார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் சென்னையில் இறங்கினார்கள். அங்கேயே பிறந்த பிள்ளைகளோடு வந்தவர்கள், ஊரில் சேர்த்துக்கொள்ளாமல் சென்னையிலேயே தங்கிவிட்டதும் உண்டு. ஆகவே டர்பன் பதிவேடுகளில் ஒருவரின் தடம் 1910-களிலோ 1920-களின் இறுதியிலோ திடீரென்று நின்றுபோனால், இறப்புப் பதிவைத் தேடுவதற்கு முன் திரும்பிய கப்பல்களின் பட்டியலைப் பார்ப்பது மேல். அதே எண் அங்கே இருக்கும்.